குட்டிக் குரோமோசோம் பிறந்த கதை

1956-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவெல் என்ற இளம் மருத்துவர், ரத்தப் புற்றுநோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார். கடற்படையில் பணிக்காலத்தை முடித்துவிட்டு, அப்போதுதான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியிருந்தார். செல்களுக்குச் சாயம் ஏற்றும் முன் ஸ்லைடைக் கழுவ வேண்டும். அவர் குழாயைத் திறந்து தண்ணீரில் அலசினார். பிறகு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, பிரிந்துகொண்டிருந்த செல்களுக்குள்ளே குரோமோசோம்கள் தனித்தனியாக விரிந்து கிடந்தன.

குழாய்த் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அந்த நீர் செல்லுக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் குரோமோசோம்கள் அப்போது விலகிப் பரவும். இந்த உபாயம் சில ஆண்டுகளுக்கு முன்பே வேறு ஆய்வகங்களில் தெரிந்திருந்தது. நோவெலுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் குரோமோசோம் ஆராய்ச்சியாளரே அல்ல. மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன என்று ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் சுவீடனின் லுண்டு நகரிலிருந்து அறிவித்ததும் அதே 1956-ல்தான். அதுவரை பாடப்புத்தகங்கள் 48 என்று சொல்லிக்கொண்டிருந்தன. குரோமோசோம்களைச் சரியாக எண்ணவே தெரியாதிருந்த காலம் அது என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நடந்ததன் அருமை புரியும்.

தன் ஸ்லைடில் தெரிந்ததை வாசிக்கத் தெரிந்த ஒருவரை நோவெல் தேடினார். அதே நகரத்தின் ஃபாக்ஸ் சேஸ் பகுதியில் இருந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற மாணவர் மனிதக் குரோமோசோம்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் செல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது, சி.எம்.எல். என்று மருத்துவர்கள் சுருக்கமாக அழைக்கும் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் மட்டும் ஒரு குரோமோசோம் இயல்பைவிடக் குட்டியாக இருப்பதை ஹங்கர்ஃபோர்டு கவனித்தார். ஒரு நோயாளியிடம் மட்டும் என்றால் தற்செயல் எனலாம். அவர்கள் பார்த்த 7 பேரிடமும் அது இருந்தது. 1960-ல் சயன்ஸ் இதழில் சில பத்திகளே கொண்ட குறிப்பாக அது வெளிவந்தது. எடின்பரோவில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஆய்வாளர்கள், கண்டுபிடித்த ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அன்றிலிருந்து அது பிலடெல்பியா குரோமோசோம்.

இந்தக் குட்டிக் குரோமோசோமைத் தேர்ந்துகொண்டு எழுதக் காரணம் உண்டு. புற்றுநோய் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தொடக்கப் புள்ளி வரை பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிந்த முதல் நோய் இதுதான். மற்றப் புற்றுநோய்களில் கதையின் முதல் அத்தியாயங்கள் பெரும்பாலும் கிழிந்துபோயிருக்கும். நோய் கண்ணுக்குத் தெரியும்போது மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, எது முதல், எது பிறகு என்று பிரித்தறிய முடியாத நிலையில் இருக்கும். சி.எம்.எல்.-ல் முதல் அத்தியாயம் முழுதாகக் கிடைத்தது.

நோய் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அடையாளம் காணப்பட்டுவிட்டது. 1845-ல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட், 28 வயதான ஓடு வேயும் தொழிலாளி ஒருவரின் மரணத்தைப் பற்றி எழுதினார். அந்த மனிதரின் வயிற்றின் இடப்பக்கம் மாதக்கணக்கில் வீங்கிக்கொண்டே போயிருந்தது. உடல் சோர்ந்துபோயிருந்தது. இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது மண்ணீரல் பெருத்துக் கிடந்தது, ரத்தம் சீழ் கலந்தது போல வெளுத்திருந்தது. பென்னட் அதை ரத்தத்தில் ஏறிய சீழ் என்றே நினைத்தார். அதே ஆண்டில் பெர்லினில் ருடால்ஃப் விர்கோ இதே போன்ற இன்னொரு நோயாளியைப் பார்த்து, சீழ் என்று சொல்ல மறுத்தார். எங்கும் புண் இல்லை, காயம் இல்லை, பிறகு சீழ் எங்கிருந்து வரும்? ரத்தத்தின் வெள்ளையணுக்களே அளவுகடந்து பெருகியிருக்கின்றன என்று அவர் எழுதினார். 1870 வாக்கில் எர்ன்ஸ்ட் நாய்மன் என்ற ஜெர்மானியர், இந்த நோயின் பிறப்பிடம் எலும்பு மஜ்ஜைதான் என்று காட்டினார்.

எலும்பு மஜ்ஜையில் நடக்கும் வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு ஆகியவற்றின் உள்ளே ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. இவை தவிர வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் தனி. இத்தனைக்கும் மூலம் சொற்ப எண்ணிக்கையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள். ஒரு ஸ்டெம் செல் பிரியும்போது அதன் வழித்தோன்றல்களில் சில ஸ்டெம் செல்லாகவே நிற்கும். மற்றவை முதிர்ந்து, ஒரு குறிப்பிட்ட வேலையை ஏற்று, சில மணி நேரமோ சில மாதங்களோ உழைத்து மடியும். எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது சாக வேண்டும் என்று ஒவ்வொரு செல்லுக்கும் வெளியிலிருந்து ரசாயனச் சைகைகள் வந்தபடி இருக்கின்றன. உடலில் காயம்பட்டால் அல்லது கிருமி புகுந்தால் உற்பத்தி கூடும். தேவை தீர்ந்ததும் குறையும். புற்றுநோய் என்பது இந்தக் கட்டுப்பாட்டை ஒரு செல் கேட்காமல் போவதில் தொடங்குகிறது.

அப்படிக் கேட்காமல் போவதற்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று 1914-லேயே ஒருவர் எழுதிவைத்திருந்தார். ஜெர்மனியின் தியோடோர் போவேரி. அவர் புற்றுநோயாளிகளைப் பார்த்தவர் அல்ல. கடல் முள்ளெலிகளின் முட்டைகளில் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டால் வளர்ச்சி எப்படிக் கெடுகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தவர். அதிலிருந்து, ஒரு கட்டி ஒரே ஒரு செல்லிலிருந்து பிறக்கிறது, அந்தச் செல்லின் குரோமோசோம் அமைப்பில் ஏற்பட்ட பிறழ்வு அதன் சந்ததி முழுவதற்கும் கடத்தப்படுகிறது என்று ஊகித்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் சொன்னதை நிரூபிக்கவோ மறுக்கவோ அன்று கருவி இல்லை. பிலடெல்பியாவில் அந்தக் குட்டிக் குரோமோசோம் கண்ணில் பட்டது, போவேரி எழுதி 46 ஆண்டுகள் கழித்து.

ஒரு முக்கியமான விஷயம் அந்த நோயாளிகளின் உடலிலேயே எழுதப்பட்டிருந்தது. ரத்தத்தை உருவாக்கும் செல்களில் மட்டுமே குட்டிக் குரோமோசோம் இருந்தது, தோல் போன்ற பிற திசுக்களில் இல்லை. ஆகவே அது தாய் தந்தையிடமிருந்து வந்தது அல்ல, வாழ்நாளின் இடையில் எங்கோ ஒரு மஜ்ஜைச் செல்லில் ஏற்பட்டது. 1967-ல் ஃபிலிப் ஃபியால்கோ இதற்கு இன்னொரு அழகான சான்று தந்தார். பெண்களின் ஒவ்வொரு செல்லும் தன்னிடமுள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை மட்டுமே பயன்படுத்தும். எதைப் பயன்படுத்துகிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு நொதியின் மரபணு இரண்டு வகையாக அமைந்த பெண்களின் ரத்தத்தில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும். அத்தகைய பெண்களுக்கு சி.எம்.எல். வந்தபோது, அவர்களின் ரத்தச் செல்களில் ஒரே வகைதான் இருந்தது. சிவப்பணுக்களிலும் அப்படியே, வெள்ளையணுக்களிலும் அப்படியே. எல்லாம் ஒரே ஒரு ஸ்டெம் செல்லின் வம்சம்.

ஆனால் குட்டிக் குரோமோசோம் ஏன் குட்டியானது? ஒரு துண்டு தொலைந்துபோயிருக்கிறது என்றுதான் 12 ஆண்டுகள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். குரோமோசோம் கோளாறு நோயின் காரணமே அல்ல, நோய் முற்றியதன் விளைவு என்று சொன்னவர்களும் அதிகம்.

விடை சிகாகோவில், ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. ஜேனட் ரௌலி மருத்துவம் படித்து, திருமணமாகி, நான்கு ஆண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பல ஆண்டுகள் பகுதி நேரமாக வேலை பார்த்தவர். மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு ஒதுக்கிய சில இடங்கள் நிரம்பிவிட்டதால் மாதக்கணக்கில் காத்திருந்து சேர்ந்தவர். கணவரோடு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருந்தபோது, குரோமோசோம்களில் குறுக்குக் கோடுகளைத் தெரியவைக்கும் புதிய சாயமேற்றும் முறையைக் கற்றுக்கொண்டார். அதுவரை எல்லாக் குரோமோசோம்களும் வெறும் கறுப்புக் குச்சிகளாகத்தான் தெரிந்தன. புதிய முறையில் ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய பட்டைகள் தெரிந்தன. 22-வது குரோமோசோமை 21-லிருந்து பிரித்துச் சொல்ல அதன்பிறகுதான் முடிந்தது.

ரௌலி குரோமோசோம்களைப் படமெடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி மேசையில் ஜோடி சேர்த்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். 1972-ல் சி.எம்.எல். நோயாளிகளின் படங்களை அப்படி வரிசைப்படுத்தியபோது, 22-வது குரோமோசோம் குறைந்திருந்த அதே செல்களில் 9-வது குரோமோசோம் ஒன்று சற்று நீண்டிருப்பதைக் கண்டார். இங்கே குறைந்ததும் அங்கே கூடியதும் ஏறக்குறைய ஒரே அளவு. துண்டு எங்கும் தொலையவில்லை. இரண்டு குரோமோசோம்களும் முறிந்து, முனைகளை மாற்றிக்கொண்டிருந்தன. 1973-ல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. அன்று கூட பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரௌலி சளைக்காமல் வேறு ரத்தப் புற்றுநோய்களிலும் இத்தகைய இடமாற்றங்களைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு வகை நோய்க்கும் ஒவ்வொரு இடமாற்றம் திரும்பத் திரும்ப வந்தது. அதற்குமேல் தற்செயல் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல் கண்ணும் பொறுமையும் மட்டும் கொண்டு செய்த வேலைகளில் இதற்கு இணையாக எனக்கு அதிகம் தோன்றவில்லை.

முனைகள் மாறின, சரி. அதனால் என்ன? 1982 முதல் 1985-க்குள் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த குழுக்கள் முறிந்த இடத்தைத் துல்லியமாகத் தேடிப் பிடித்தன. 9-வது குரோமோசோமில் முறிவு நடந்த இடத்தில் ஏபிள் என்ற மரபணு இருந்தது. எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸிலிருந்து முதலில் தெரியவந்த மரபணு அது. 22-ல் முறிந்த இடத்தில் இருந்த மரபணுவுக்கு பி.சி.ஆர். என்று பெயரிட்டார்கள். இரண்டு புத்தகங்களின் தையல் அறுந்து, ஒன்றின் முன்பாதியோடு மற்றதன் பின்பாதியைச் சேர்த்துத் தைத்துவிட்டால், படிக்கிறவருக்கு அது ஒரே புத்தகம்தான். செல்லும் அப்படியே முன்பாதி பி.சி.ஆர்., பின்பாதி ஏபிள் என்று இருந்த புதிய மரபணுவைத் தொடர்ந்து படித்து, அதுவரை அந்த உடலில் இல்லாத ஒரு புரதத்தைச் செய்துவைத்தது.

ஏபிள் புரதம் கைனேஸ் என்ற நொதி வகையைச் சேர்ந்தது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.-யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி, வேறொரு புரதத்தின் மேல் உள்ள டைரோசின் என்ற இடத்தில் பொருத்துவது அதன் வேலை. பாஸ்பேட் ஏறிய புரதம் விழித்துக்கொண்டு அடுத்த புரதத்துக்குச் செய்தி சொல்லும். செய்தி கடைசியில் செல்லின் உட்கரு வரை போய், பிரியும்படி சொல்லும். இது மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. ஆகவே சாதாரண ஏபிள் தன் முன்முனையை வளைத்துத் தன்னையே பூட்டி வைத்திருக்கும். தேவைப்படும்போது மட்டும் பூட்டு நெகிழும். முறிவு நடந்தபோது போனது அந்த முன்முனைதான். அதன் இடத்தில் வந்து ஒட்டிய பி.சி.ஆர். பகுதிக்கோ ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. கட்டிக்கொண்ட புரதங்கள் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டபடி இரவும் பகலும் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து எந்தச் சைகையும் வராமலே செல்லுக்குள் பிரியச் சொல்லும் செய்தி ஓயாமல் ஒலிக்கிறது. சாகச் சொல்லும் செய்தி அமுங்கிப்போகிறது. மஜ்ஜையின் சுவரில் ஒட்டியிருந்து முதிரவேண்டிய இளஞ்செல்களின் பிடிப்பும் தளர்கிறது. அவை நேரம் வருமுன்பே ரத்தத்தில் இறங்கிவிடுகின்றன.

இந்த ஒரு மரபணு மட்டுமே போதுமா என்ற கேள்விக்கு 1990-ல் விடை கிடைத்தது. ஜார்ஜ் டேலி, ரிச்சர்டு வான் எட்டன், டேவிட் பால்டிமோர் மூவரும் ஒட்டு மரபணுவை எலிகளின் மஜ்ஜைச் செல்களில் புகுத்தி, அந்த மஜ்ஜையை எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளுக்கு சி.எம்.எல். போன்ற நோயே வந்தது.

இனி அந்த ஒரு செல்லின் வம்சம் மனித உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தொடக்கத்தில் எதுவும் தெரியாது. மற்ற ஸ்டெம் செல்களைவிடச் சற்று அதிகமாகப் பிரிகிறது, அதன் வாரிசுகள் சற்று அதிக நாள் உயிரோடு இருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன ஆதாயம் மாதங்களிலும் ஆண்டுகளிலும் பெருகி, நல்ல செல்களை இடம்விட்டுத் தள்ளுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டுகின்றன. மஜ்ஜையிலிருந்து வெளியேறிய இளஞ்செல்கள் மண்ணீரலில் போய்க் குடியேறி, அங்கேயும் ரத்தம் உண்டாக்கத் தொடங்குகின்றன. சுமார் 150 கிராம் எடையில் இடது விலாவுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய உறுப்பு, தொப்புளைத் தாண்டி இறங்கிவிடுவதும் உண்டு. அது இரைப்பையை அழுத்துவதால் நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும். ஓயாமல் பிரியும் செல்கள் உடலின் சக்தியைத் தின்பதால் எடை குறையும், இரவில் வியர்க்கும். சிவப்பணுக்கள் குறைந்து மூச்சு வாங்கும். பலருக்கு இந்தத் தொல்லை எதுவுமே இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் நோய் தெரியவரும்.

சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நிலை 3 முதல் 5 ஆண்டுகள் நீடிக்கும். இதுவரை பிறந்த செல்கள் அதிகமாகப் பிறந்தாலும் முதிரத் தெரிந்தவை. கிருமியைக் கொல்லவும் கூடியவை. அடுத்து வருவதுதான் பயங்கரம். ஓயாத பிரிதலில் டி.என்.ஏ.-வில் புதிய பிழைகள் சேர்கின்றன. ஏதோ ஒரு செல்லில் சேர்ந்த பிழை, முதிரும் திறனையே அழித்துவிடுகிறது. அதன் வாரிசுகள் எதற்கும் பயனில்லாத கரு நிலைச் செல்களாகவே பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்கின்றன. வெள்ளையணு லட்சக்கணக்கில் இருக்கும், ஒரு சாதாரணக் கிருமியைத் தடுக்க ஒன்றும் இருக்காது. தட்டணுக்கள் குறைந்து ரத்தம் கசியும். அந்தக் காலத்தில் இந்தக் கட்டத்துக்கு வந்த நோயாளிகள் சில மாதங்களே இருந்தார்கள்.

பிற புற்றுநோய்களின் பிறப்பு இவ்வளவு எளிதல்ல. நம் ஊரில் அதிகம் பார்க்கிற வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொண்டால், புகையிலையின் ரசாயனங்கள் ஆண்டுக்கணக்கில் டி.என்.ஏ.-வில் ஒட்டி ஒட்டிப் பிழைகளை உண்டாக்குகின்றன. பிரியச் சொல்லும் மரபணு ஒன்று கட்டுமீற வேண்டும், தடுத்து நிறுத்தும் மரபணுக்கள் செயலிழக்க வேண்டும், கட்டி தனக்கு ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்துத் திசுவை அரித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், பிறகு தொலைவில் உள்ள உறுப்பில் போய் ஊன்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாற்றங்கள். சி.எம்.எல். செல் பிறந்ததே ரத்தம் உருவாகும் மஜ்ஜையில் என்பதால் அதற்குப் பரவ வேண்டிய சிரமம் இல்லை.

புகையிலையை விட்டால் வாய்ப் புற்றுநோயின் ஆபத்து குறையும் என்று உறுதியாகச் சொல்லலாம். சி.எம்.எல். வந்தவர் எதைச் செய்யாமல் இருந்திருக்க வேண்டும்? பதில்: எதுவுமில்லை. கதிர்வீச்சு மட்டுமே இந்த நோய்க்கு உறுதியாகத் தெரிந்த வெளிக்காரணம். அணுகுண்டு வீசப்பட்ட ஹிரோஷிமாவில் உயிர் பிழைத்தவர்களிடையே இது கூடியது. மற்றவர்களுக்கு எல்லாம் இது செல்லின் உள்ளே நடந்த விபத்து. ரத்த ஸ்டெம் செல்லின் உட்கருவில் 9-ம் 22-ம் முறியும் பகுதிகள் பல நேரங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று தெரியவந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் முறிந்தால், பழுது பார்க்கும் நொதிகள் முனைகளை மாற்றி ஒட்டிவிடக்கூடும். நோய் எதுவும் இல்லாத மனிதர்களின் ரத்தத்திலும், மிக நுட்பமாகத் தேடினால், இந்த ஒட்டு மரபணுவின் தடயம் சில சமயம் கிடைக்கிறது. விபத்து பலருக்கு நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே, அது சரியான ஸ்டெம் செல்லில் நடந்து நோயாகிறது. இந்தியாவில் மேலை நாடுகளைவிட இளவயதிலேயே, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இது அதிகம் வருகிறது. வேலைக்குப் போகிற, பிள்ளைகளைப் படிக்கவைக்கிற வயது. 'நான் என்ன தப்பு செய்தேன்' என்று கேட்டு மாய்ந்துபோகிற நோயாளிகளிடமும், பெண்ணின் கல்யாணத்துக்குத் தடையாகிவிடும் என்று நோயை மறைத்து வைக்கிற குடும்பங்களிடமும் இதை உரக்கச் சொல்ல வேண்டும். இது யாருடைய பாவமும் இல்லை. தொற்றாது. பிள்ளைகளுக்குப் போகாது.

நோயின் பிறப்பு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் மருந்தின் பிறப்பு வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக் லைடன், அலெக்ஸ் மேட்டர், வேதியியலாளர் யூர்க் சிம்மர்மன் ஆகியோர் கைனேஸ்களை அடக்கும் மூலக்கூறுகளைச் செய்துகொண்டிருந்தார்கள். உடலில் கைனேஸ்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, எல்லாமே ஏ.டி.பி.-யைப் பயன்படுத்துபவை, ஒன்றை மட்டும் தேர்ந்து அடக்க முடியாது என்று பலர் நம்பிய காலம். போர்ட்லாந்தில் இருந்த பிரையன் ட்ரக்கர் அந்த மூலக்கூறுகளில் சிலவற்றை வாங்கி, சி.எம்.எல். செல்களின் மேல் சோதித்தார். ஒன்று நோயுற்ற செல்களைக் கொன்றது, இயல்பான செல்களை விட்டுவிட்டது. 1996-ல் இந்த முடிவு வெளிவந்தது. நோய் அரிதானது, சந்தை சிறியது என்ற தயக்கங்களைத் தாண்டி, 1998 ஜூனில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை தொடங்கியது. 2001-ல் வெளியான முடிவு: வேறு மருந்து கைவிட்டபின், 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேரின் ரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இமாடினிப் என்பது மருந்தின் பெயர், கிளிவெக் என்பது கடைப்பெயர். அந்த மாத்திரை ஏபிளின் எந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்து ஏ.டி.பி.-க்கு இடமில்லாமல் செய்கிறது என்பதைப் படிக வடிவில் 2000-ல் காட்டிய குழுவின் தலைவர் ஜான் குரியன், இளநிலை வேதியியலின் முதல் இரண்டு ஆண்டுகளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

மருந்துக்குப் பிறகும் கதை அதே விதியில்தான் நடக்கிறது. 1976-ல் நோவெல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டியின் செல்கள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தாலும் ஒரே மாதிரி இருப்பதில்லை, அவற்றுக்குள் பிழைகள் கிளைத்து, சூழலுக்குத் தாக்குப்பிடிப்பவை நிலைத்துப் பெருகுகின்றன என்பது அதன் சாரம். இமாடினிப் சோதனை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அது கண்முன் நடந்தது. சில நோயாளிகளுக்கு மருந்து பலன் தராமல் போனது. 2001-ல் சார்லஸ் சாயர்ஸின் குழு காரணத்தைக் காட்டியது. ஏபிள் புரதத்தின் 315-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது, மாத்திரை உட்காரும் இடம் அடைபட்டுவிட்டது. மருந்து அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. பெரும்பாலும் முன்பே ஏதோ சில செல்களில் இருந்த மாற்றம், மற்றவை எல்லாம் மருந்தில் மடிந்தபின் பெருகியது. டசாடினிப், நிலோடினிப் என்று அடுத்த மருந்துகள் வந்தன. 315-வது இடத்து மாற்றத்தையும் சமாளிக்கும் போனாடினிப் பின்னால் வந்தது.

இந்தியாவில் இந்த மாத்திரையின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. சீபா-கெய்கியின் வழிவந்த நோவார்ட்டிஸ் நிறுவனம் இமாடினிபின் ஒரு படிக வடிவத்துக்கு சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்த்தது. அன்று நோவார்ட்டிஸின் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய், இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைத் தந்தது சுமார் 8,000 ரூபாய்க்கு. நோவார்ட்டிஸ் இலவசமாக மருந்து தரும் திட்டம் ஒன்றையும் நடத்தியது, ஏராளமான இந்திய நோயாளிகள் அதில் பயனடைந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தினம் விழுங்க வேண்டிய மாத்திரை ஒரு நிறுவனத்தின் தயவில் மட்டும் கிடைப்பது போதாது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. தெரிந்த மருந்தின் புதிய வடிவம், கூடுதல் மருத்துவப் பலனைக் காட்டாவிட்டால் காப்புரிமை இல்லை என்று சொல்லும் சட்டப் பிரிவு 3(டி)-யையே எதிர்த்து நிறுவனம் வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் அதை ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. என்னைப் பொறுத்தவரை, மேசையில் கத்தரிக்கோலோடு ரௌலி தொடங்கிய வேலையின் பலன் ஒரு நெசவாளிக்கும் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கும் வந்து சேர, இந்தத் தீர்ப்புகள் அந்தப் பாதையில் இருந்தே ஆகவேண்டியவை.

இன்று மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்கிற, தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்ட நோயாளிகளின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை ஏறக்குறைய எட்டிவிட்டது. குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, ஒட்டு மரபணுவின் நகல்கள் எவ்வளவு மிச்சம் என்று அளக்கிறார்கள். அளவு குறைந்துகொண்டே போய், கருவியின் கண்ணுக்குத் தெரியாத நிலைக்கும் வருகிறது. அப்போது மாத்திரையை நிறுத்தலாமா? பிரான்சில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தடயமே தென்படாத நோயாளிகளுக்கு மருந்தை நிறுத்திப் பார்த்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்தது ஓராண்டு கண்காணிக்கப்பட்ட 69 பேரில் 42 பேருக்கு நோய் திரும்பியது, அதில் 40 பேருக்கு முதல் 6 மாதங்களுக்குள். மஜ்ஜையில் அந்த முதல் செல்லின் வம்சத்து ஸ்டெம் செல்கள் சில, பிரியாமல் உறங்கிக்கொண்டு மருந்துக்குத் தப்பியிருந்தன. அவை உயிர்வாழ ஒட்டுப் புரதத்தை நம்பி இருப்பதில்லை என்பதால் மாத்திரையால் அவற்றைக் கொல்ல முடிவதில்லை. திரும்பிய 42 பேருக்கும் மாத்திரையை மறுபடி கொடுத்தார்கள். அத்தனை பேருக்கும் அது வேலை செய்தது. எஞ்சியவர்களுக்கு நோய் ஏன் திரும்பவில்லை, அவர்களிடம் கடைசி ஸ்டெம் செல்லும் அழிந்துவிட்டதா, அல்லது உடலின் எதிர்ப்பாற்றல் அதைக் காவலில் வைத்திருக்கிறதா என்பதைத்தான் இப்போது ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.